டெல்டாவில் குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராகச் செல்ல: மனுவிலிருந்து முதல் வகுப்பு வரை

இரண்டு பெட்டி லட்டும் நாற்பது நோட்டுப் புத்தகங்களும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் நேராக இல்லத்தின் வாசலில் போய் நின்றேன். காவலாளி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து முதல் வகுப்பு எடுத்த நாள்வரை பதினொரு வாரம் ஆயிற்று. அதில் பாதி, எதை எங்கே கேட்பது என்று தெரியாமல் நானே வீணாக்கியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதே எண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் ஐந்தாறு வாரத்தில் வேலையை முடிக்கட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் செல்லும் இல்லம் எது, எந்த ஊர் என்பதைச் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளைப் பற்றிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் 7ஆம் படியில் வரும்.

1. எந்த வகை இல்லம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் ‘ஹோம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அலுவலகத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது. இளைஞர் நீதிச் சட்டம், 2015 இரண்டு வகைப் பிள்ளைகளைப் பிரித்துப் பேசுகிறது. பெற்றோர் இல்லாதவர்கள், கைவிடப்பட்டவர்கள், குழந்தைத் தொழிலிலிருந்தும் கொத்தடிமை வேலையிலிருந்தும் மீட்கப்பட்டவர்கள் போன்றோர் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’. இவர்களை எங்கே, யாரிடம் விடுவது என்று முடிவுசெய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின்பேரில் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கிறார்கள். ஏதேனும் ஒரு குற்றத்தில் தொடர்புள்ளதாகச் சொல்லப்படுகிற பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள், அவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் தங்குகிறார்கள்.

இரண்டுக்கும் நீங்கள் செய்யப்போகும் வேலையே வேறு. கூர்நோக்கு இல்லத்தில் பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பலர் அதற்கு முன்பே பிணையில் போய்விடுவார்கள். அங்கே ஓராண்டுப் பாடத்திட்டம் போட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. ஒரே நாளில் தொடங்கி அதே நாளில் முடிகிற வேலைதான் பொருந்தும். குழந்தைகள் இல்லத்தில் சில பிள்ளைகள் பல ஆண்டுகள் இருப்பார்கள் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஆண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பாளரும் பணியாளர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும் என்பது விதி. தன்னார்வலர் விஷயத்திலும் இல்லங்கள் அதையே பின்பற்றுகின்றன. எனவே ஆண்கள் ஆண் பிள்ளைகள் இல்லத்துக்கே மனுச் செய்யுங்கள். பள்ளி மாணவர் விடுதிகளும், 2025இல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாறிய ஆதிதிராவிடர் நல விடுதிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவற்றுக்கு அந்தந்தத் துறையிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.

2. பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்

குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த நிறுவனமும், அரசு நடத்தினாலும் அறக்கட்டளை நடத்தினாலும், சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல இல்லங்களில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருப்பார்கள். காலாவதித் தேதியை மட்டும் படித்துவிடுங்கள்.

‘தன்னார்வலர் கட்டணம்’, ‘பயிற்சி வைப்புத்தொகை’ என்று யாரேனும் பணம் கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடை தரும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாக, ரசீதோடு கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையும் கிடைக்காது.

3. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு எழுதுங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல் அவரிடம் இருக்கும். எந்த இல்லத்துக்கு எந்த ஆள் தேவை என்பதும் அங்கேதான் தெரியும். உங்கள் மனு அவர் பெயருக்குப் போக வேண்டும். நகல் ஒன்றை நீங்கள் விரும்பும் இல்லத்தின் கண்காணிப்பாளருக்குக் கொடுங்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ‘சமூக சேவை செய்ய ஆர்வமாக உள்ளேன்’ என்று நான் எழுதிய முதல் மனு, மேசையில் அதே வாசகத்தோடு கிடந்த பத்து மனுக்களோடு சேர்ந்துகொண்டது. இரண்டாவது மனுவில் எழுதியது இது: ‘நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கு சொல்லித்தர முடியும். சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, குறைந்தது ஆறு மாதம் வருவேன்.’ பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. என்ன தெரியும், எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை மாதம் என்ற நான்கும் மனுவில் இருந்தால் போதும். தையல், மின்வேலை, சைக்கிள் பழுதுபார்த்தல், பறை, சிலம்பம் எதுவாக இருந்தாலும் அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வளாகமே திருவிழாக் கூட்டமாக இருக்கும். நீங்கள் தேடிப்போகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், ஆனால் உங்களிடம் பேச முடியாது. புதன், வியாழன் காலை பதினோரு மணிக்கு மேல் நல்லது. அலகின் அலுவலகம் ஆட்சியர் வளாகத்துக்குள்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்பாமல், தொலைபேசியில் இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

4. ஆவணங்களும் செலவும்

இல்லத்துக்கு இல்லம் பட்டியல் சற்று மாறும். என்னிடம் கேட்டவை: ஆதார் நகல், கல்விச் சான்று நகல், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் நான்கு, உறவினரல்லாத இருவரின் பரிந்துரைக் கடிதம், தொற்றுநோய் இல்லை என்பதற்கான மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, ‘என்மேல் குழந்தைகளுக்கு எதிரான வழக்கு ஏதுமில்லை’ என்ற பிரமாணப் பத்திரம்.

காவல்துறைச் சரிபார்ப்பில்தான் அதிக நாள் போகும் என்பதால் மனுக் கொடுத்த அன்றே அதையும் தொடங்கிவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் தனிநபர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு 500 ரூபாய் ஆயிற்று. வெளிநாடு செல்பவர்களுக்காகக் கடவுச்சீட்டு அலுவலகம் தரும் காவல் சான்று வேறு. கணினி மையத்தில் இருப்பவர் பழக்கத்தில் அதைத் திறந்துவிடுவார், கவனமாக இருங்கள்.

மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. 2020 டிசம்பர் 28 அன்றுதான் நம் மாவட்டம் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் எடுத்த ஆதாரில் ‘நாகப்பட்டினம் மாவட்டம்’ என்றுதான் இருக்கும். குத்தாலத்தில் குடியிருக்கும் நான், அட்டையில் உள்ளபடியே நிரப்ப வேண்டும் என்று எண்ணி நாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தேன். காவல் நிலையப் பட்டியலில் எங்கள் நிலையம் இல்லை; பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றை அமுக்கினேன். பதினாறு நாள் கழித்து ‘எல்லைக்கு உட்படாதவர்’ என்று திரும்பி வந்தது. மறுபடி 500 ரூபாய், மறுபடி காத்திருப்பு. இப்போது குடியிருக்கும் முகவரி எந்த மாவட்டத்தில், எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறதோ அதைத்தான் நிரப்ப வேண்டும். முடிந்தால் முதலில் ஆதார் முகவரியைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள். விசாரிக்க வருகிற காவலர் வீட்டில் ஆள் இல்லையென்றால் குறிப்பெழுதிவிட்டுப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். காவலர் வந்து போனபின் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதையும் தவிர்க்கலாம்.

பிரமாணப் பத்திரம் முன்பெல்லாம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் முடிந்துவிடும். 2024இல் தமிழ்நாட்டில் அதற்கான முத்திரைத் தீர்வை 200 ரூபாயாக உயர்ந்தது. பழைய நினைப்பில் 20 ரூபாய்த் தாளில் தட்டச்சு செய்து கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். மருத்துவச் சான்றை அரசு மருத்துவமனையில் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள். தட்டச்சு, நோட்டரி, நகல், புகைப்படம் எல்லாம் சேர்த்து, நான் வீணாக்கிய 500 ரூபாயைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எனக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. இதற்குப் பிறகு வருகிற பேருந்துச் செலவுதான் நிரந்தரச் செலவு. வாராவாரம் போக வேண்டும் என்பதால், எவ்வளவு நல்ல இல்லமாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால் உள்ளதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

5. எந்த மாதத்தில் தொடங்குவது

ஜூன் இறுதி அல்லது ஜூலை. பள்ளி திறந்து, புதிதாக வந்த பிள்ளைகள் சற்று நிலைகொண்டிருப்பார்கள். மே மாதத்தில் பல பிள்ளைகள் நலக் குழுவின் அனுமதியோடு உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நீங்கள் போனால் கட்டில்கள்தான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் டெல்டாவில் எதையும் புதிதாகத் தொடங்குவது வீண். பருவமழை, சாலையில் தண்ணீர், விடுமுறை அறிவிப்பு, அதன்பின் அரையாண்டுத் தேர்வு என்று போய்விடும். என் முதல் ஐந்து சனிக்கிழமைகளில் மூன்று மழையில் போயின. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைப் புதிய ஆள் குழப்ப வேண்டாம் என்று இல்லமே சொல்லிவிடும்.

6. நேர்காணல்

கண்காணிப்பாளரும், பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரும் அரை மணி நேரம் பேசுவார்கள். ‘ஏன் வருகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு உருக்கமாகப் பதில் சொல்லத் தயாராக வேண்டாம்; அவர்கள் நிறைய உருக்கத்தைக் கேட்டவர்கள். ‘எத்தனை நாள் வருவீர்கள்?’ என்பதுதான் உண்மையான கேள்வி. ‘முடிந்தபோதெல்லாம்’ என்று சொன்னால் உங்கள் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன பெரியவர்கள் ஏற்கெனவே இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் நிறையப் பேர். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், தவறாமல் என்பது, தினமும் வருகிறேன் என்று சொல்லி மூன்றாம் வாரம் காணாமல் போவதைவிட அவர்களுக்குப் பெரிது.

அன்றே குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்; நகல் கேளுங்கள். முதல் மூன்று, நான்கு வாரம் பணியாளர் ஒருவர் உங்களோடு அறையில் இருப்பார். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு ஒருவர் கோபித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அந்த ஏற்பாடு பிள்ளைகளுக்கு எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவு நமக்கும் பாதுகாப்பு. அந்த நான்கு வாரம் முடிந்த பிறகும் கதவு மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள்.

7. முதல் சில வாரங்கள்

‘அப்பா என்ன செய்கிறார்?’, ‘சொந்த ஊர் எது?’, ‘ஏன் இங்கே வந்தாய்?’ ஆகிய மூன்றும் நாம் எந்தக் குழந்தையையும் பார்த்தவுடன் வாயில் வருகிற கேள்விகள். மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளே சொன்னால் கேட்கலாம், கிளறக் கூடாது.

வயதை வைத்து வகுப்பைக் கணிக்கவும் கூடாது. சம்பா அறுவடை முடிந்ததும் நம் வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவது உங்களுக்குத் தெரியும். அந்த ஆடுகளை மேய்க்க, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக விடப்பட்டு, பிறகு அதிகாரிகளால் மீட்கப்பட்ட சிறுவர்கள் டெல்டா இல்லங்களுக்கு வருவதுண்டு. அப்படி வந்த ஒரு சிறுவனிடம் ஏழும் எட்டும் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். சுண்ணாம்புக் கட்டியை விரலில் உருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தான். வேறு வழி தோன்றாமல், ‘ஏழு ஆடு இந்தப் பக்கம், எட்டு ஆடு அந்தப் பக்கம்’ என்றேன். நிமிர்ந்தான். ‘குட்டியச் சேத்தா, சேக்காமயா சார்?’ என்று கேட்டான். அன்று மாலை முழுவதும் கிடைக் கணக்குத்தான் போட்டோம்: எத்தனை உருப்படி, எத்தனை சினை, ஒரு வயலில் எத்தனை இரவு. நான் கொண்டுபோயிருந்த ஆறாம் வகுப்புப் புத்தகம் பையிலேயே இருந்தது. உங்கள் பாடத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வாராவாரம் அதே பிள்ளைகள் இருப்பார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நலக் குழுவின் அமர்வு, மருத்துவமனை, வீட்டுக்கு அனுப்புதல் என்று ஒன்றிரண்டு பேர் குறைவார்கள். அந்தந்த நாளோடு முடிகிற பயிற்சித் தாள்கள் வைத்திருப்பது எளிது.

புகைப்படம் கூடாது. பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) நிலைத்தகவலாகப் போடுவதைப் பார்த்து, அது பழக்கம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இல்லத்தில் உள்ள பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும்படி எதை வெளியிட்டாலும் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்தால் போதும் என்று வாதாடுகிறவர்கள், சீருடையும் பின்னால் தெரியும் கோபுரமும் ஊரைக் காட்டிக்கொடுப்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் செல்பேசியை அலுவலக அறையில் கொடுத்துவிட்டு உள்ளே போவது மிகச் சுலபமான வழி.

பணம் கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு மட்டும் பேனா, ஒருவனுக்கு மட்டும் மிட்டாய் என்று கொடுக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அங்கே என்ன நடக்கும் என்பது இல்லக் காப்பாளருக்குத்தான் தெரியும். பெரிய பையன்கள் உங்களை ஆழம் பார்க்கப் புகையிலைப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லலாம். குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பது ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, ஆற்றுப்படுத்துநரிடம் அன்றே சொல்லுங்கள். காதைத் திருகுவது, முட்டி போடவைப்பது ஆகிய நம் பள்ளிக்கால வழக்கங்களும் சட்டப்படி தண்டனைக்குரியவை. ‘உன்னை என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அதை நம்பி, மூட்டை கட்டிவைத்துக் காத்திருப்பார்கள்.

8. ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால்

தனக்கு யாரோ பாலியல் தொல்லை கொடுத்ததாகவோ அடித்ததாகவோ ஒரு பிள்ளை சொல்ல நேரலாம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். குறுக்குக் கேள்வி கேட்காமல், முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ‘நீ சொன்னது நல்லது. இதைச் சரிசெய்யக் கூடியவர்களிடம் நான் சொல்ல வேண்டும்’ என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துங்கள். வெளியே வந்ததும் பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். புகார் இல்லத்தின் பணியாளர் மேலேயே என்றால் கண்காணிப்பாளரோடு நின்றுவிட வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள், காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

9. இடைவெளியும் நிறுத்தமும்

ஜூன் 12ஆம் தேதியையொட்டி மேட்டூர் திறந்தால் உரக்கடையில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முதல் ஆண்டு சொல்லாமல் இரண்டு வாரம் நின்றுவிட்டேன். மூன்றாம் வாரம் போனபோது எனக்கென்று வழக்கமாகப் போடும் நாற்காலியை யாரும் எடுத்துப் போடவில்லை. நானே போய் எடுத்துவந்தேன். இப்போது ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் நாள்காட்டியைக் காட்டி, எந்தெந்தச் சனிக்கிழமை வரமாட்டேன் என்று அவர்களையே சுழிக்கவைத்துவிடுகிறேன்.

ஒரேயடியாக நிறுத்துவதாக இருந்தாலும் நான்கு வாரம் முன்பே சொல்லுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்லும் இல்லங்கள் உண்டு. ஆறு மாதத்தில் நிறுத்தப்போகிறவர் அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பிள்ளை எந்தக் கணக்குவரை வந்திருக்கிறான் என்பதை ஒரு ஏட்டில் எழுதிக் கண்காணிப்பாளரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகளின் பெயர் உள்ள எந்தத் தாளையும் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துப் போடும்போது, எத்தனை மாதம் வந்தீர்கள் என்பதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்து மறுபடி 3ஆம் படியிலிருந்து தொடங்கும்போது மனுவோடு அதை இணைக்கலாம்.